ஒன்பது ரூபாய்ப் பங்கு மலிவானதா?

கேள்வி: பாம்பனில் மாமனாருடன் சேர்ந்து கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். கையில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. சென்ற ஆண்டு பங்கு வாங்க டீமேட் கணக்குத் தொடங்கினேன். ஒரு டெலிகிராம் குழுவில் சொன்னதை நம்பி, 62 ரூபாயிலிருந்து இறங்கி 11 ரூபாய்க்கு வந்திருந்த ஒரு பங்கில் 1,000 வாங்கினேன். இப்போது 9 ரூபாய். பி.இ. விகிதம் வெறும் 4, கம்பெனிக்கு நிறைய நிலம் இருக்கிறது, உண்மை மதிப்புக்கு மிகவும் கீழே விற்கிறது என்கிறார்கள். இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாமா? மதிப்புக்குக் குறைவாக விற்கும் பங்குகளை என்னைப் போன்ற புதியவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? மாமனார் இதெல்லாம் சூதாட்டம் என்கிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாம்பன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்னும் வாங்க வேண்டாம். நீங்கள் பெயர் எழுதியிருந்த நிறுவனத்தின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதன் பெயரை இங்கே அச்சிடப் போவதில்லை. அந்தப் பங்கு என்னிடமும் இல்லை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று இந்தப் பகுதியில் நான் சொல்வதும் இல்லை. ஆனால் ஒரு பங்கு மலிவானதா என்று பார்க்கும் முறையை உங்கள் கையிலிருக்கும் பங்கை வைத்தே விளக்கினால், பொதுவாகச் சொல்வதைவிட உங்களுக்கு நன்றாகப் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

ஒன்பது ரூபாய் என்பது தனியாக எதையும் சொல்லாத எண். அந்த நிறுவனம் 50 கோடிப் பங்குகளை வெளியிட்டிருக்கிறது. ஆகவே 9 ரூபாய் வீதம் முழு நிறுவனத்துக்கும் சந்தை வைத்திருக்கும் விலை 450 கோடி ரூபாய். இன்னொரு நிறுவனம் 20 லட்சம் பங்குகள் மட்டுமே வெளியிட்டு, ஒவ்வொன்றும் 900 ரூபாய்க்கு விற்றால், அந்த முழு நிறுவனத்தின் விலை 180 கோடிதான். இரண்டில் எது மலிவு என்று பங்கின் விலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 62 ரூபாயிலிருந்து இறங்கியது என்பதும் அப்படியே. 62 ரூபாய் கொடுத்தவர் ஒருவர் இருந்தார் என்பதற்குமேல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. அதில் பாதிக்கு வந்தபோதும் மலிவு என்றுதான் சொல்லியிருப்பார்கள். 12 ரூபாய்க்கு வந்தபோது, இனி எங்கே இறங்கப் போகிறது என்று வாங்கியவர்கள் அதற்குப் பிறகும் கால்வாசிப் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

பி.இ. விகிதம் 4 என்பதற்கு வருவோம், ஏனென்றால் உங்களை ஈர்த்தது அதுதான். பங்கின் விலையைப் பங்கு ஒன்றுக்கான ஓராண்டு வருவாயால் வகுத்தால் கிடைப்பது இந்த விகிதம். 9 ரூபாய்ப் பங்குக்கு 2 ரூபாய் 25 காசு வருவாய் காட்டியிருக்கிறார்கள். வகுத்தால் 4 வருகிறது, கணக்கில் பிழையில்லை. ஆனால் லாப நட்டக் கணக்கில், பலரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் இடத்தில், ‘விதிவிலக்கான இனங்கள்’ என்றொரு வரி இருக்கிறது. ஆலையை ஒட்டிய நிலத்தில் ஒரு பகுதியை விற்றதால், வரி போக, 90 கோடி ரூபாய் வந்திருக்கிறது; பங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் 80 காசு. அதைக் கழித்துவிட்டால் தொழிலில் சம்பாதித்தது பங்குக்கு 45 காசு மட்டுமே. விகிதம் 4 அல்ல, 20. தோணியை விற்ற ஆண்டில் வந்த பணத்தையும் மீன்பாட்டுக் கணக்கில் சேர்த்து, இந்தத் தோணி ஆண்டுக்கு இவ்வளவு சம்பாதிக்கும் என்று ஒருவர் சொன்னால் உங்கள் மாமனார் என்ன சொல்வாரோ, அதையே இங்கும் சொல்ல வேண்டும். மேலும் விகிதம் 20 என்றால் 100 ரூபாய் முதலுக்கு 5 ரூபாய் வருவாய் என்று பொருள். அஞ்சலக வைப்பே அதைவிடக் கூடுதலாகத் தரும்போது, வருங்காலத்தில் லாபம் வளரும் என்ற உறுதியான காரணம் இல்லாமல் அந்த விலையை மலிவென்று சொல்ல முடியாது.

நிலம் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, ஆனால் அது வங்கியில் அடமானமாகவும் இருக்கிறது. நிறுவனத்தின் கடன் 700 கோடி ரூபாய். 450 கோடி கொடுத்து முழு நிறுவனத்தையும் நீங்களே வாங்கினாலும் அந்தக் கடன் உங்கள் தலையில்தான் விடியும் என்பதால், உண்மையில் கொடுக்கும் விலை 1,150 கோடி. தொழிலில் வட்டிக்கு முன் கிடைப்பது ஆண்டுக்கு 100 கோடி, அதில் 70 கோடி வட்டிக்கே போய்விடுகிறது. வியாபாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கினால் வட்டி கட்டவே போதாது. 2016-ஆம் ஆண்டின் நொடிப்புத் திவால் சட்டப்படி, ஒரு நிறுவனம் கலைக்கப்பட்டால் சொத்தை விற்ற பணத்தில் வங்கிகள், தொழிலாளர்கள், மற்ற கடன்காரர்கள், அரசு ஆகிய எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சமிருந்தால்தான் சாதாரணப் பங்குதாரருக்கு. பெரும்பாலும் மிச்சமிருப்பதில்லை. இவற்றோடு, நிறுவனர்கள் தங்கள் கைவசப் பங்குகளில் பெரும்பகுதியையும் அடமானம் வைத்திருக்கிறார்கள். விலை இன்னும் இறங்கினால் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பங்குகளைச் சந்தையில் கொட்டுவார்கள், கொட்டக் கொட்ட விலை மேலும் இறங்கும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க என்னிடம் ரகசிய வழி எதுவும் கிடையாது. மும்பைப் பங்குச்சந்தை, தேசியப் பங்குச்சந்தை ஆகிய இரண்டின் இணையதளங்களிலும் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் ஆண்டறிக்கையும் காலாண்டு முடிவுகளும் இலவசமாகக் கிடைக்கும். யாரிடம் எத்தனை பங்கு, அதில் எவ்வளவு அடமானம் என்ற பட்டியலும் காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள் அங்கே வந்துவிடும். ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்வேன். முன்பக்கங்களில் இருக்கும் வண்ணப் படங்களையும் தலைவர் உரையையும் கடைசிக்கு வைத்துக்கொண்டு, தணிக்கையாளர் அறிக்கை, கணக்குக் குறிப்புகள், நிறுவனர்களின் உறவினர்களுக்கும் அவர்களுடைய வேறு நிறுவனங்களுக்கும் போன பணம், வழக்குகளால் வரக்கூடிய பொறுப்புகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தணிக்கையாளர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகிக்கொண்டார் என்றால், காரணம் என்னவென்று அறிவித்திருந்தாலும், புதியவர் அந்த நிறுவனத்தை விட்டு விலகிக்கொள்வதே நல்லது.

அடுத்து ரொக்கம். இதில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது குறைவு. நெத்திலிக் கருவாட்டை மூட்டையாக எடுக்கும்போது கையில் நாலு எடுத்து ஒடித்துப் பார்ப்பீர்கள். சடக்கென்று ஒடியாமல் வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்று 50 கிலோ நிற்பது பத்து நாளில் சுருங்கிவிடும். உப்பு தூக்கலாகப் போட்டிருந்தாலும், மணல் ஒட்டியிருந்தாலும் தராசு அதிகமாகத்தான் காட்டும். லாபம் என்ற எண்ணும் அதே போல ஈரத்தோடும் மணலோடும் நிற்கலாம். சரக்கைக் கடனுக்கு அனுப்பிவிட்டு, பணம் வருமுன்பே விற்பனையாகவும் லாபமாகவும் எழுதுவது கணக்கியலில் அனுமதிக்கப்பட்டதுதான். நீங்களும் வெளியூர் வியாபாரிக்குக் கடனுக்கு ஏற்றினால் நோட்டில் அப்படித்தான் எழுதுவீர்கள். பணம் வந்ததா என்பது வேறு கேள்வி. அதனால் கடந்த ஐந்து ஆண்டுகளின் நிகர லாபத்தை ஒன்றாகக் கூட்டுங்கள். அதே ஐந்து ஆண்டுகளின் ‘செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கம்’ என்ற எண்ணையும் கூட்டுங்கள். இரண்டாவது, முதலாவதை ஒட்டி இருக்க வேண்டும். வெகுவாகக் குறைந்திருந்தால், வரவேண்டிய பாக்கியும் சரக்கு இருப்பும் விற்பனையைவிட வேகமாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளில் இரண்டில் இந்த ரொக்கம் கழித்தல் குறியோடு நிற்கிறது. வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. அவற்றின் கணக்கைப் படிப்பது தனி வித்தை என்பதால் தொடக்கத்தில் தொட வேண்டாம்.

ரொக்கமே பொய்யாக இருக்கவும் கூடும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர், ஏடுகளில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் சுமார் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று தாமே எழுதிக் கொடுத்தார். பெரிய பெரிய முதலீட்டு நிறுவனங்கள் எல்லாம் அந்தப் பங்கை வைத்திருந்தன. எவ்வளவு படித்தாலும் ஏமாற இடம் உண்டு என்பதால்தான் ஒரே பங்கில் பெரும் பணத்தைப் போடக்கூடாது என்கிறோம்.

புத்தக மதிப்பை, அதாவது ஏட்டில் எழுதிய சொத்து மதிப்பில் கடன் போக மிஞ்சுவதைப் பற்றி உங்கள் குழுவில் ஏதேனும் சொல்வார்கள் என்பதால் என் சொந்த அனுபவம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நான் ராமநாதபுரத்தில் தொழில் தொடங்கிய புதிதில், பங்கு ஒன்றுக்குப் புத்தக மதிப்பு 40 ரூபாயும் சந்தை விலை 22 ரூபாயும் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கை, 40 ரூபாய்ப் பொருளை 22 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்ற பெருமிதத்தோடு வாங்கினேன். கணக்குப் படித்தவன் என்ற நினைப்பு வேறு. சொத்தில் பாதி கிடங்கில் இருந்த சரக்கு என்பது தெரியும். அந்தச் சரக்கை வாங்க ஆள் இல்லை என்பது, இரண்டு ஆண்டு கழித்து அதை அவர்கள் கணக்கிலிருந்து நீக்கியபோதுதான் தெரிந்தது. சந்தை அதை முன்பே அறிந்திருந்ததால்தான் 22 ரூபாய் விலை வைத்திருந்தது. புத்தகத்தில் எழுதிய மதிப்பு, அந்தப் பொருளை வாங்க வருபவர் தரும் மதிப்பு ஆகாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மதிப்புக்குக் கீழே விற்கும் பங்குகள் உண்மையிலேயே உண்டு. அவற்றைத் தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த விலை ஏன் இறங்கியது, அந்தக் காரணம் போகக்கூடியதா? ஏலத்தில் விலை விழுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எல்லா விசைப்படகும் ஒரே நாளில் கரை திரும்பினால் நல்ல மீனும் விலை போகாது. செவுள் கறுத்த மீனும் விலை போகாது. பங்குச்சந்தையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை முழுவதும்.

நம் கரைக்குப் பழக்கமான ஒரு துறையை எடுத்துக்கொள்வோம். இந்திய இறாலைப் பல ஆண்டுகளாக மிக அதிகமாக வாங்கிவந்த நாடு அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அந்நாடு இந்தியப் பொருட்கள்மீது 50 சதவீதம் வரை வரி விதித்தபோது இறால் ஏற்றுமதி நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. அந்தச் சரிவில் வாங்கியிருக்கலாமா என்று கேட்டால், எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பதில் சொல்ல முடியாது. விற்பனையில் எத்தனை பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது, ஜப்பான், ஐரோப்பா, சீனா என்று வேறு வாங்குவோர் உண்டா, இரண்டு மோசமான ஆண்டுகளைக் கடன் வாங்காமல் தாங்கும் கையிருப்பு உண்டா, வெறுமனே உரித்து உறைய வைத்து அனுப்புகிறார்களா அல்லது சமைத்துப் பொட்டலமிட்ட பொருளாக விற்கிறார்களா என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பார்க்க வேண்டும். ஏற்றுமதியாகும் இறாலில் பெரும்பகுதி கடலில் பிடித்ததல்ல, பண்ணையில் வளர்த்த வனாமி என்பதும், அதற்கான தீவனத்தின் விலை மீன்தூளையும் சோயாவையும் பொறுத்தது என்பதும், பண்ணையில் நோய் புகுந்தால் ஒரு பருவமே போய்விடும் என்பதும் சென்னையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. கரையில் இருக்கும் நீங்கள் காதால் கேட்டே வளர்ந்தவை. புதியவருக்கு ஏதேனும் அனுகூலம் உண்டென்றால் அது இங்கேதான். இதைப் படித்துவிட்டு நாளையே இறால் பங்கு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்; எந்த ஆண்டறிக்கையைப் படித்தால் உங்களுக்கு உடனே புரியுமோ அதிலிருந்து தொடங்குங்கள் என்பதற்காகவே சொன்னேன்.

சர்க்கரை, உருக்கு, சிமெண்ட் போன்ற துறைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. பொருளின் விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் லாபம் பெருகி, பி.இ. விகிதம் 4, 5 என்று இறங்கித் தெரியும். அடுத்த ஆண்டு விலை விழுந்தால் லாபம் கரைந்து, அதே பங்கு விலையுயர்ந்ததாகத் தோன்றும். மீன்பாடு நன்றாக இருந்த ஒரு வாரத்தை 52-ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. ஆகவே ஓராண்டு லாபத்தை விட்டுவிட்டு ஏழு ஆண்டுச் சராசரியை எடுங்கள். 1929-ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தைச் சரிவை அடுத்த ஆண்டுகளில் தாமே பெருநஷ்டம் கண்டு, பிறகு இந்த முதலீட்டு முறையை வகுத்துக் கற்பித்த பெஞ்சமின் கிரகாம், பல ஆண்டுச் சராசரி லாபத்தையே நம்பச் சொன்னார். மதிப்பு என்று நாம் கணக்கிடும் எண் எப்படியும் பிழையாக இருக்கும் என்பதால், அதற்கும் வாங்கும் விலைக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளி ஒன்றை விடச் சொன்னதும் அவர்தான். சராசரியாகப் பங்குக்கு 10 ரூபாய் சம்பாதிக்கும், கடன் இல்லாத, மெதுவாக வளரும் ஒரு நிறுவனத்துக்கு 12 மடங்கு, அதாவது 120 ரூபாய் தகும் என்று நீங்கள் நினைத்தால், 115-க்கு வாங்காதீர்கள்; 80 ரூபாய்க்குக் கிடைக்கும்வரை காத்திருங்கள். மதிப்பு 100 தான் என்று பின்னால் தெரிந்தாலும் கை சுடாது. 12 மடங்கு என்பது எடுத்துக்காட்டுக்குச் சொன்னது, விதி கிடையாது.

மாமனார் சொல்வதற்கும் வருகிறேன். டெலிகிராம் குழுவைக் கேட்டுப் பங்கு வாங்குவதைச் சூதாட்டம் என்கிறார் என்றால் நான் அவர் பக்கம். முதலீட்டு ஆலோசனை சொல்பவர், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவர் எவரும் இத்தனை சதவீதம் லாபம் உறுதி என்று சொல்ல அனுமதி இல்லை. இப்படிப்பட்ட குழுக்களில் பல, தாங்கள் முன்பே வாங்கி வைத்த பங்கை உங்களைப் போன்றவர்கள் தலையில் கட்டிவிட்டு வெளியேறுவதற்காகவே நடத்தப்படுபவை. பங்குச்சந்தைகள் வெளியிடும் ஏ.எஸ்.எம்., ஜி.எஸ்.எம். என்ற கண்காணிப்புப் பட்டியல்களில் ஒரு பங்கின் பெயர் இருந்தால், வாங்கும் முன் நூறு முறை யோசியுங்கள். அடுத்தபடியாக அந்தக் குழு, பங்கின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களான ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று இழுக்கும். 2024-இல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கையில் 2 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுவதும் சேமிப்புத்தானா என்று எனக்குச் சந்தேகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அதற்கு முன் சரக்குச் சேர்த்து வைக்கவும், தடை நீங்கி மீன் மலிந்து வரும்போது கொள்முதல் செய்யவும் உங்களுக்கு ரொக்கம் வேண்டியிருக்கும். அந்தப் பணம் பங்கில் மாட்டியிருந்து, அந்த வாரம் பார்த்துச் சந்தை இறங்கியிருந்தால், நல்ல பங்கையும் நஷ்டத்துக்கு விற்க நேரும். குறைந்தது 1 லட்சத்து 20 ஆயிரத்தை வங்கியிலேயே வைத்திருங்கள். மீதியில் 60 ஆயிரத்தை, 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் நிஃப்டி 50 குறியீட்டு நிதி ஒன்றில் மாதம் 5 ஆயிரமாகப் போடலாம். ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படாத பணம் என்றால் மட்டும். 20 ஆயிரம் மட்டும் நீங்களே தேர்ந்தெடுக்கும் பங்குகளுக்கு. அதையும் உடனே போட வேண்டியதில்லை. ஒரு நோட்டில் நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் வீதம், விலை ஏன் இறங்கியிருக்கிறது, கடன் எவ்வளவு, ஐந்தாண்டு லாபம் எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, என் மதிப்பீடு என்ன என்று எழுதி, இரண்டு மூன்று காலாண்டு முடிவுகள் வரும்வரை வாங்காமலே கவனியுங்கள். நீங்கள் எழுதியது எங்கே தவறியது என்று பணம் இழக்காமலே தெரிந்துவிடும்.

கடைசியாக, கையிலிருக்கும் அந்த 1,000 பங்குகள். இவை இல்லாமல் 9,000 ரூபாய் ரொக்கமாக இருந்தால் இன்று இந்தப் பங்கை வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். மேலே எழுதியதைப் படித்த பிறகு வாங்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் வைத்திருப்பதற்கும் காரணமில்லை. விற்றால் நஷ்டம் 2,000 ரூபாயும் தரகுச் செலவும். வாங்கி ஓராண்டு நிறையவில்லை என்றால் அது குறுகியகால மூலதன நஷ்டம். உரிய தேதிக்குள் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள்வரை முன்கொண்டு சென்று, பின்னால் பங்கில் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். விற்கும்போது, கிடைத்த விலைக்கு விற்றுவிடும் மார்க்கெட் ஆர்டர் போடாமல் விலை குறித்த ஆர்டராகப் போடுங்கள். இத்தகைய பங்குகள் சில நாள் லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரே நாளில் இறங்க அனுமதித்த அடிவிலையில், வாங்க ஆளின்றி நிற்கும். அன்றே முடியவில்லை என்றால் பதறாமல் அடுத்தடுத்த நாட்களில் காலையிலேயே ஆர்டரைப் போட்டு வையுங்கள். வரும் பணத்தைக் கொள்முதல் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.